மேனிங் ரேஞ்சர்ஸை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்கக் கால்பந்து பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். கைசர் சீஃப்ஸ் இருக்கிறது, ஒர்லாண்டோ பைரட்ஸ் இருக்கிறது, சன்டவுன்ஸ் இருக்கிறது. 1996இல் பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கிய கதையும் இருக்கிறது. அந்த லீக்கின் முதல் பட்டத்தை யார் வென்றார்கள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. வென்றது டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் எங்கள் சாட்ஸ்வொர்த்தின் மைதானத்தில் ஆடிய மேனிங் ரேஞ்சர்ஸ். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996-97 பருவத்தில் 18 அணிகள், ஆளுக்கு 34 ஆட்டங்கள். சீஃப்ஸுக்கு இரண்டாம் இடம், பைரட்ஸுக்கு மூன்றாம் இடம். நாட்டின் எந்த மூலையில் ஆடினாலும் கூட்டம் திரளும் அந்த இரண்டு கிளப்புகளையும் முந்திக்கொண்டு, டர்பனில் 1928இல் இந்தியர்கள் தொடங்கிய ஒரு சின்ன கிளப் கோப்பையைத் தூக்கியது. பயிற்சியாளர் கார்டன் இகசுந்த். பின்னாளில் பைரட்ஸ், சாண்டோஸ், சன்டவுன்ஸ் என்று இன்னும் மூன்று கிளப்புகளுக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர், தேசிய அணிக்கும் பயிற்சியாளராக இருந்தவர். அவருடைய முதல் பட்டம் எங்களோடுதான்.

அணியில் ஜார்ஜ் கூமந்தராக்கிஸ் இருந்தார், கிரேக்கக் குடும்பத்துப் பிள்ளை. இங்கிருந்து சுவிட்சர்லாந்து போய், இங்கிலாந்திலும் ஆடி, 2002 உலகக் கோப்பை அணியிலும் இடம்பிடித்தார். கிளின்டன் லார்சன் இருந்தார். சூலு பையன்கள் இருந்தார்கள், கலர்ட் என்று இங்கே அழைக்கப்படும் கலப்பினப் பையன்கள் இருந்தார்கள், நம் பிள்ளைகளும் இருந்தார்கள். கிளப்பை நடத்தியது நம்மவர்கள்தான், ஆனால் ஆட வருகிறவனிடம் நீ யார் என்று கேட்கவில்லை. எனக்கு அந்தப் பட்டத்தை விடப் பெரியதாகப் படுவது இது. 1994இல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு இந்த நாடு எப்படி இருக்க வேண்டும் என்று மேடையில் பேசினார்கள் அல்லவா, அதை நான் கண்ணால் பார்த்தது அந்த மைதானத்தில்தான்.

அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சமையல் பத்து மணிக்கே முடிந்துவிடும். அப்பாவுக்கு அப்போது முழங்கால் வலி. படிக்கட்டு ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். கோல் விழுந்தால் மட்டும் வலி எங்கே போகுமோ தெரியாது, எழுந்து நின்றுவிடுவார். பக்கத்தில் ஒரு அக்கா பிளாஸ்டிக் வாளியில் சமோசா விற்பார். நாங்கள் ஜெயித்தால் கடைசிச் சமோசாக்களைக் காசு வாங்காமல் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுவார்.

அப்பாவுடைய கால்பந்து இதற்கெல்லாம் முன்னாலேயே தொடங்கியது. அவர் பிறந்தது மேகசின் பாரக்ஸில். டர்பன் நகராட்சியில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களின் குடியிருப்பு அது, பெரும்பாலும் தமிழர்களும் தெலுங்கர்களும். தாத்தா குப்பை வண்டியில் வேலை பார்த்தார். 1960களில், ஒவ்வொரு இனத்தாரும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்ற குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி அந்த இடத்தைக் காலி செய்தார்கள். டர்பனின் இன்னொரு பகுதியான கேட்டோ மேனரிலிருந்து விரட்டப்பட்டவர்களும் நாங்களும் சாட்ஸ்வொர்த்தில் வந்து சேர்ந்தோம். வீடு இருந்தது, பக்கத்தில் வேறெதுவும் இல்லை. முதலில் கோயில் கட்டினார்கள். கோயிலுக்கு அடுத்தபடியாகத் தெருவுக்குத் தெரு பந்தாட்ட டீம் கட்டினார்கள்.

அப்பா ஆடிய டீமுக்கு ஜெர்சி துவைப்பது எங்கள் அம்மா. திங்கட்கிழமை கொடியில் பதினோரு சட்டைகள் வரிசையாகத் தொங்கும். கடையில் எண் வாங்கக் காசில்லை. பழைய படுக்கை விரிப்பைக் கத்தரித்து, அம்மாவே கையால் எண் வைத்துத் தைத்தார். ஏழாம் எண் சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏழின் குறுக்குக் கோடு கொஞ்சம் கோணல். துணியின் ஓரத்தில் விரிப்பின் நீலக் கரை லேசாகத் தெரியும்.

மேனிங் ரேஞ்சர்ஸ் வெறுமனே முளைத்த கிளப் இல்லை என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். இங்குள்ள இந்தியர்கள் சாம் சைனா கோப்பை என்ற கால்பந்துப் போட்டிக்காக கிம்பர்லி நகரத்தில் ஆடியது 1903இல். டர்பனில் கரீஸ் ஃபௌண்டன் மைதானம் எங்களுக்குக் கோயில் மாதிரி. 1961இல் நிறம் பார்க்காத தொழில்முறை லீக் ஒன்று தொடங்கியபோது அங்கே கூடிய கூட்டத்தைப் பற்றிப் பெரியப்பா சொல்லிச் சொல்லி அலுக்க மாட்டார். மைதானங்களைக் கொடுக்காமல் கொடுக்காமலே அந்த லீக்கை 1960களின் நடுவில் முடித்துவிட்டார்கள். அப்புறம் 1969இல் ஃபெடரேஷன் லீக் வந்தது. பெரியா, ஏசஸ் யுனைடெட், வெருலம் சபர்ப்ஸ் என்று அந்த கிளப்புகளின் பெயர்களைச் சொன்னால் என் வயதுக்காரர்கள் இன்றைக்கும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். 1974 செப்டம்பர் 25இல் மொசாம்பிக்கின் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோவை ஆதரித்துத் தடையை மீறிக் கூட்டம் கூடியதும் அதே கரீஸ் ஃபௌண்டனில்தான். போலீஸ் நாய்களை விட்டுக் கலைத்தார்கள். பந்தாட்டமும் அரசியலும் எங்களுக்கு ஒரே மைதானத்தில்தான் நடந்தன.

சரி, பட்டத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று? 1998இல் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கில் குழுச் சுற்று வரைக்கும் போனார்கள். அதற்கு மேல் ஏற்றம் இல்லை. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெரிய இடம் தேடிப் போனார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பணம் போதவில்லை. கீழ் டிவிஷனுக்கு இறங்கினார்கள். 2006இல் கேப்டவுனைச் சேர்ந்த ஃபிடென்ஷியா என்ற நிதி நிறுவனம் கிளப்பை வாங்கி, ஊரையும் மாற்றி, ஃபிடென்ஷியா ரேஞ்சர்ஸ் என்று பெயரையும் மாற்றியது. 2007 பிப்ரவரியில் அந்த நிறுவனமே நீதிமன்ற உத்தரவில் வேறு நிர்வாகிகள் கைக்குப் போனது. கிளப் மறுபடி கைமாறி இக்காபா ஸ்போர்ட்டிங் ஆனது. ரேஞ்சர்ஸ் என்ற சொல்லும் அதோடு போயிற்று.

உங்கள் வாசகர்கள் பலருக்கு இது விளங்காது. இந்த நாட்டில் லீக்கில் ஒரு அணிக்கு இருக்கும் இடத்தை, லீக் சம்மதித்தால், விற்கலாம். கடை லைசென்ஸை விற்பது போலத்தான். 1921இல் பிறந்த ஜோகன்னஸ்பர்க் கிளப்பான விட்ஸ் 2020இல் இப்படித்தான் வடக்கே லிம்போப்போ மாகாணத்துக்குப் போனது. புளூம்ஃபோன்டைன் நகரத்து செல்டிக் கிளப் 2021இல் விற்கப்பட்டு டர்பனுக்கு வந்தது. எங்கள் ஊருக்கு ஒரு அணி வந்ததே என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் புளூம்ஃபோன்டைன் ஆட்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். நாங்களும் அப்படி உட்கார்ந்திருந்தவர்கள்.

விற்கக்கூடாது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. கடனில் மூழ்கினவர்கள் வேறு என்ன செய்வார்கள்? ஆனால் விற்றது லீக்கில் இருந்த இடத்தை மட்டும்தான். 1928 முதல் நடந்ததை யாரும் விற்கவில்லை, விற்கவும் முடியாது. அது இன்னும் சாட்ஸ்வொர்த்தில், ஃபீனிக்ஸில், வெருலமில் அலமாரிகளுக்குள் கிடக்கிறது. ஆட்டத்தன்று விற்ற நிகழ்ச்சித் தாள்கள், டிக்கெட் துண்டுகள், செய்தித்தாளில் வெட்டி ஒட்டிய படங்கள், வெளுத்துப்போன ஸ்கார்ஃப்கள். பெரியவர்கள் போன பிறகு வீட்டைச் சுத்தம் செய்யும்போது முதலில் வெளியே போவது இந்த மாதிரிச் சாமான்கள்தான். எங்கள் தெருவிலேயே போன வருடம் ஒரு பெட்டி நிறையப் படங்கள் குப்பை வண்டிக்குப் போயின. நான் விஷயம் தெரிந்து ஓடிப் போவதற்குள் வண்டி போய்விட்டது.

2028இல் மேனிங் ரேஞ்சர்ஸுக்கு நூறு வயது. கிளப் இல்லை, கொண்டாட ஒரு அலுவலகமும் இல்லை. ஆனால் டர்பனில் டெர்பி தெருவில் 1860 ஹெரிடேஜ் சென்டர் இருக்கிறது. வெஸ்ட்வில்லில் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் கதையைக் காப்பாற்றுகிற இடங்கள் அவை. அவர்களின் பேரப்பிள்ளைகள் ஆடிய பந்தாட்டமும் அந்தக் கதைதானே. உங்கள் இதழை இங்கே வாசிக்கிறவர்கள், இங்கே சொந்தக்காரர்கள் உள்ளவர்கள், தயவுசெய்து வீட்டில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். கொடுக்க மனமில்லாவிட்டால் படம் எடுத்தாவது கொடுங்கள். படத்தின் பின்னால் யார் யார் என்று பெயர் எழுதி வையுங்கள். இதை மட்டும் இப்போதே செய்யுங்கள், பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் ஒரு வரி போட்டால் போதும்: பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் சாம்பியன், 1996-97, மேனிங் ரேஞ்சர்ஸ், டர்பன். என் பேத்தி தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள். அந்த வரியை அவளையே வாசிக்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப் பள்ளி ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்