தாழ்ந்த இமை, சுருங்கிய பாவை: கட்டுரையில் விடுபட்ட காரணங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த இமைத் தொய்வு பற்றிய கட்டுரை, வயதாகும்போது இமைத் தசை தளர்வதையும் அதற்கான அறுவை சிகிச்சையையும் நன்றாகவே விளக்கியது. ஆனால் ஹார்னர் சிண்ட்ரோம் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஒரு பக்க இமை ஒன்று இரண்டு மில்லிமீட்டர் மட்டும் தாழ்ந்து, அதே கண்ணின் பாவையும் (நடுவில் உள்ள கரிய துளை) சுருங்கியிருந்தால், இமையைத் தூக்கித் தைப்பதற்கு முன் மூளை, நெஞ்சு, கழுத்து மூன்றையும் பார்த்தாக வேண்டும். சுவிட்சர்லாந்துக் கண் மருத்துவர் ஹார்னர் 1869-இல் விவரித்த இது தனி நோயல்ல. பாவையை விரித்து இமையைத் தூக்கிப்பிடிக்கக் கண்ணுக்கு வரும் பரிவு நரம்புப் பாதை எங்கோ பழுதாகியிருப்பதன் அடையாளம்.

அந்தப் பாதை நீண்டது, மூன்று கட்டங்கள் கொண்டது. முதல் கட்டம் மூளையின் ஹைப்போதலாமஸில் புறப்பட்டு, மூளைத்தண்டு வழியாகத் தண்டுவடத்தில் கழுத்தும் மார்பும் சேரும் இடம் வரை இறங்குகிறது. இரண்டாம் கட்டம் அங்கிருந்து வெளியேறி, நுரையீரலின் மேல்நுனியை உரசினாற்போல் சென்று, திரும்பக் கழுத்தில் ஏறித் தாடை மூலையருகே உள்ள நரம்பு முடிச்சை அடைகிறது. மூன்றாம் கட்டம், கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியின் சுவரைப் பின்னிக்கொண்டு மண்டைக்குள் நுழைந்து கண்ணுக்கு வருகிறது.

முதல் கட்டத்தில் பழுது என்றால் பெரும்பாலும் மூளைத்தண்டில் பக்கவாதம். கூடவே தலைசுற்றல், விழுங்கச் சிரமம், நடையில் தள்ளாட்டம் இருக்கும். இரண்டாம் கட்டத்தில் பயப்பட வேண்டியது நுரையீரல் நுனியில் வளரும் பான்கோஸ்ட் கட்டி. தோளில் தொடங்கி முழங்கையின் உட்புறமாகச் சுண்டுவிரல் வரை ஓடும் வலிக்கு மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். சாதாரண மார்பு எக்ஸ்ரேயில் காறை எலும்பும் முதல் விலா எலும்பும் அந்த இடத்தை மறைத்துவிடும் என்பதால் சி.டி. ஸ்கேன் தேவை. தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும், கழுத்துச் சிரையில் (ரத்தக்குழாயில்) குழாய் செலுத்திய பிறகும் ஹார்னர் வருவதுண்டு. குழந்தைகளுக்குப் பிரசவத்தில் தோள் இழுபட்டதால் வரலாம். அப்படி எதுவும் நடக்காத குழந்தை என்றால், நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டியைத் தேட வேண்டும்.

மூன்றாம் கட்டத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கரோட்டிட் தமனியின் உட்சுவர் கிழிந்தால், ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு இடையே புகுந்து உப்பும். அந்த உப்பல் நரம்பிழைகளை நசுக்கும். கிழிந்த இடத்தில் உறையும் ரத்தம் மூளைக்குப் போனால் பக்கவாதம். விபத்தில் மட்டுமல்ல, கழுத்தை வெடுக்கென்று திருப்பினாலும் தமனி கிழியக்கூடும். முடிதிருத்தகத்தில் கழுத்துக்குச் சொடுக்கு எடுப்பதை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். ஒரு பக்கக் கழுத்து, முகம் அல்லது கண்ணைச் சுற்றித் திடீர் வலி, அதே பக்கத்தில் தாழ்ந்த இமை, சிறிய பாவை என்றால் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பக்கவாத ஆபத்து முதல் இரண்டு வாரங்களில்தான் மிக அதிகம். ரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுத்தால் பெரும்பாலும் அதைத் தடுக்கலாம்.

ஹார்னரை முகவாதம் என்று நினைப்பவர்களும் உண்டு. முகவாதத்தில் கண்ணை மூட முடியாது, வாய் கோணும். ஹார்னரில் கண் நன்றாக மூடும், வாயும் கோணாது. மூன்றாம் மூளை நரம்பு செயலிழந்தால் இமை அதிகமாகத் தொங்கும், பாவை பெரும்பாலும் விரியும். அதுவும் அவசரம்தான்.

நம்மவர் கண்கள் கரும்பழுப்பு என்பதால் பாவையின் விளிம்பு எளிதில் தெரிவதில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, முகவாய்க்குக் கீழிருந்து மங்கலான டார்ச் ஒளி காட்டிப் பாருங்கள். நல்ல பாவை ஐந்து நொடிக்குள் விரிந்துவிடும், பழுதான பக்கம் பத்துப் பதினைந்து நொடி எடுக்கும். பழைய வாக்காளர் அட்டையையோ கல்யாண ஆல்பத்தையோ எடுத்து ஒப்பிட்டால், இமை எப்போதிலிருந்து தாழ்ந்திருக்கிறது என்பதும் தெரியும். வெயிலில் நெற்றியில் ஒரு பாதி மட்டும் வியர்க்காமல் இருப்பது இன்னொரு தடயம். ஆனால் மூன்றாம் கட்டப் பழுதில் முகம் பெரும்பாலும் வழக்கம்போல் வியர்க்கும், அதை வைத்து ஏமாந்துவிடக் கூடாது.

மருத்துவமனையில் ஆப்ராகுளோனிடின் 0.5 சதவீதச் சொட்டு மருந்தை இரு கண்களிலும் விட்டு, முக்கால் மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். சிறிய பாவை விரிந்து இமையும் தூக்கிக்கொண்டால் ஹார்னர் உறுதி. பாதிப்பு வந்த முதல் சில நாட்களில் இந்தச் சோதனை பொய்க்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்தச் சொட்டு ஆகாது, மூச்சும் நினைவும் மங்கிவிடும்.

பரிசோதனைச் சீட்டில் ‘மூளை எம்.ஆர்.ஐ.’ என்று மட்டும் எழுதினால் பாதையின் பெரும்பகுதி படத்திலேயே வராது. மூளையிலிருந்து மார்பின் இரண்டாம் முள்ளெலும்பு வரை, கழுத்து ரத்தக்குழாய்களையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
கண் நரம்பியல் மருத்துவர்,
மதுரை.