அந்த ஓடுகளை விற்றுவிடாதே

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை ஒழுங்காக விடு, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். பதில் எழுதப் பிந்தியதற்குச் சோம்பல் காரணமில்லை. சம்மட்டி பிடித்த கை, பேனா பிடிக்க மாட்டேன் என்றது.

சிரிக்காதே. 63 வயதில் சம்பளமில்லாத கையாளாகச் சேர்ந்திருக்கிறேன். அக்கா மகன் கல்ஃபிலிருந்து ஒரேயடியாகத் திரும்பிவிட்டான் அல்லவா, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டச் சரிவில் வீடு கட்டுகிறான். கரண்ட் இணைப்பு வேண்டாமாம். சாமான்களும் முடிந்தவரை பிறர் கழித்துப் போட்டவைதானாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்து, இங்கே மரமும் கம்பமும் சேர்ந்து விழுந்து கிடந்தபோது இவன் கல்ஃபில் இருந்தான். அம்மாவின் போனில் சார்ஜ் தீர்ந்து நாள்கணக்கில் தகவலே இல்லை. “அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன் மாமா” என்கிறான். ஆரல்வாய்மொழியில் இத்தனை காற்றாடி சுற்றும் மாவட்டத்தில் இருந்துகொண்டு கரண்ட் வேண்டாம் என்கிறாயே என்றேன். “காற்றாடி சுற்றினால் போதுமா, கம்பம் நிற்கணுமே” என்றான். சரிதான்.

முதலில் வீடு முழுவதையும் டயரில் கட்டுவதாகத்தான் இருந்தான். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பக்கம் மைக்கேல் ரெனால்ட்ஸ் என்று ஒரு கட்டிடக்கலைஞர் 1970களிலிருந்து அப்படிக் கட்டி வருகிறார். பழைய டயருக்குள் மண்ணை இடித்து நிரப்பி, செங்கல் போல் அடுக்குவது. பகல் வெயிலைத் தடித்த சுவர் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரிக் குளிரில் திருப்பிக் கொடுக்கும். படங்களையெல்லாம் பார்த்துவிட்டு நம்ம கொத்தனார் கேட்டார்: “அது குளிருக்குக் கெட்டினதுல்லா? நமக்கு ராத்திரி சூடு எதுக்கு? வேர்த்துச் சாகவா?” அதோடு டயர் வீட்டுக்குள் வராமல் நின்றது. இந்தப் புழுக்கத்துக்குக் காற்றும் நிழலும் நீண்ட இறவாணமும்தான் வேண்டும். இருந்தாலும் சரிவு மண் வீட்டுமேல் இறங்காமல் தடுக்கப் பின்னால் ஒரு சுவர் தேவைப்பட்டது. டயருக்கு அங்கே வேலை கிடைத்தது. எனக்கும்.

ஒரு டயர் எப்படி நிரம்புகிறது தெரியுமா? ஓட்டையை அடைக்க அடியில் அட்டை வைக்கணும். சட்டி சட்டியாகச் செம்மண் போட்டு, விளிம்புக்குள் கையாலேயே திணித்து, பிறகு சம்மட்டியால் சுற்றிச் சுற்றி உள்பக்கமாக இடிக்கணும். மண் உள்வாங்கிக்கொண்டே போகும், நிரம்பாது. தளர்ந்த மண்ணில் விழும் அடி ‘பொத்’ என்று கேட்கும். இறுகிவிட்டால் ‘டங்’ என்று சம்மட்டி எகிறும், டயரும் பலூன் மாதிரி புடைத்துவிடும். காலையில் முக்கால் மணி நேரத்தில் ஒன்று முடித்தேன், சாயந்திரம் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இடித்து முடித்தால் 100 கிலோவுக்கு மேல், அசைக்க முடியாது. அதனால் இருக்க வேண்டிய இடத்தில், மட்டம் பார்த்து வைத்தேதான் இடிக்கணும்.

இதைத்தான் நான் காதில் வாங்கவில்லை. கொத்தனார் இரண்டு நாள் வராதபோது, நானும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த காலேஜ் பையன்களும் உற்சாகமாக ஒரு வரிசையே முடித்துவிட்டோம். மூன்றாம் நாள் அவர் டியூப் மட்டம் பிடித்தார். ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் நாலு விரற்கடை வித்தியாசம். ஒன்றும் சொல்லாமல் கம்பிப்பாரையை என் கையில் கொடுத்தார். பதினொரு டயர் மண்ணைத் தோண்டி எடுத்தோம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அடுக்கி வைத்திருந்த டயர்களில் மழைத் தண்ணீர் நின்று கொசுப் புழு நெளிந்தது வேறு கதை. டெங்கு சோதனைக்கு வந்தவர்கள் டார்ச் அடித்துக் காட்டிய பிறகு எல்லாவற்றையும் கவிழ்த்து தார்ப்பாய் போட்டோம்.

வீட்டுச் சுவர், கட்டிடக்கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் நிறையக் கட்டினாரே, அந்த எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, நடுவே பொந்து விட்டு அடுக்குவது. கால்வாசிக் கல் மிச்சம், உள்ளே இருக்கும் காற்று சூட்டையும் தடுக்கும். கல்லெல்லாம் இடித்த பள்ளிக்கூடத்துக் கல். கதவும் நிலையும் அயினி மரம், தக்கலையில் பழைய மரக்கடையில் வாங்கியது. குளியலறைச் சுவரில் குவார்ட்டர் பாட்டில்களைப் பதித்திருக்கிறோம், வெயில் பட்டால் பச்சையும் பழுப்புமாக வெளிச்சம் விழும். பாட்டில் பொறுக்க ஆள் தேடவே வேண்டியிருக்கவில்லை. ரோட்டோரம் ஒரு நடை போனால் போதும்.

கரண்டுக்கு 1 கிலோவாட் சோலார். நல்ல வெயிலில் நாளுக்கு 4 யூனிட் வரை வரும். ஆடி மாசச் சாரலில் என்ன வரும் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான். 30 வாட் ஃபேனில் எல்லாரும் சம்மதித்துவிட்டோம், ஃபிரிட்ஜில்தான் அக்காவோடு சண்டை. “மீனை எங்கே வைப்பேன்?” என்கிறாள். “அன்றன்று வாங்கு” என்கிறான். மத்தியானம் மரச்சீனிக்கிழங்கும் சாளைக் கறியும் அவள்தான் கொண்டு வருகிறாள், அதனால் நான் அவள் கட்சி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் கூரை. கான்கிரீட் தட்டில் கம்பிகளுக்கு இடையே கட்டம் கட்டமாகப் பழைய ஓடுகளை இரண்டிரண்டாக வைத்து வார்ப்பது. தட்டின் அடிப்பாகத்தில் இழுவையைக் கம்பிதான் தாங்குகிறது, அந்த இடத்துக் கான்கிரீட் வெறும் சுமை. அதற்குப் பதில் ஓடு. 300 வேண்டும், கையில் 110 இருக்கிறது. இரணியலில் உன் பழைய வீட்டு ஓடுகளைப் பிரித்துக் கிணற்றோரம் தென்னைக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தாயே, இன்னும் இருக்கிறதா? பாசி பிடித்திருந்தாலும் போதும், எப்படியும் வார்ப்பதற்கு முன் தண்ணீரில் ஊறப் போடத்தான் வேண்டும். விலை சொல்லு. தரமாட்டேன் என்றால் அதையும் சொல்லு, மனசிலாகும். அந்தக் கூரைக்குக் கீழேதானே நாம் இரண்டு பேரும் பத்தாம் வகுப்புக்குப் படித்தோம், படித்ததாகச் சொல்லிக்கொண்டோம்.

சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் எழுது. வண்டி நான் ஏற்பாடு செய்துகொள்கிறேன். வார்ப்பன்றைக்கு நீயும் வா. கண்ணில் தூசி படும், தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்த்தி வைக்கிறேன்.

உன் கூட்டுக்காரன்