பாட்டியாவுக்குப் போய் வந்தேன்

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் "டூர் எப்படிம்மா இருந்தது" என்று கேட்டாய். "நல்லா இருந்ததுடா" என்றேன். அதற்குள் உனக்கு ஆபீசிலிருந்து வேறு போன் வந்துவிட்டது. நல்லா இருந்தது என்று ஒரு வார்த்தையில் முடிக்கிற விஷயமா அது? அப்பா மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார், எனக்குத் தூக்கம் வரவில்லை, உட்கார்ந்து எழுதுகிறேன். நீ டப்ளினில் பஸ்ஸில் போகும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொள், ஒன்றும் அவசரமில்லை.

முதலில் ஒரு கோபம். நான்கு வருஷம் புவனேஸ்வரத்தில் படித்தாய். அந்த ஊரைப் பற்றி நீ எங்களிடம் சொன்னது மொத்தம் மூன்றே விஷயம்: வெயில், மெஸ்ஸில் தினமும் தால்மா, நீ குடியிருந்த பேட்டைக்கு பாட்டியா என்று பேர். அந்தப் பேரைக் கேட்டு உன் தாத்தா சாகிற வரைக்கும் சிரித்தார். "பேரன் எங்கே இருக்கான்? பாட்டியா? பாட்டி இங்கேதானே இருக்கா!" அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த புவனேஸ்வரம். இறங்கிப் பார்த்தால் தடுக்கி விழுகிற இடமெல்லாம் ஆயிரம் வருஷத்துக் கோயில். ஒரு வார்த்தை சொன்னாயா நீ?

சரி, நாங்கள் போனது இருபத்தெட்டு பேர், ஆறு நாள், எல்லாரும் கும்பகோணத்துக்காரர்கள்தான், பாதிப் பேருக்கு முழங்கால் வலி. டூர்காரர் கூடவே சமையல்காரரையும் அழைத்து வந்துவிட்டார், அதனால் ஒடிசாவில் ஆறு நாளும் மிளகு ரசம். உன் அப்பாவுக்கு இதைவிட சொர்க்கம் கிடையாது. எனக்குத்தான் எரிச்சல். இவ்வளவு தூரம் வந்து வீட்டு ரசத்தையே குடிப்பானேன்? ஒரு நாள் மதியம் நான் மட்டும் நழுவி, பிந்துசாகர் குளக்கரையில் இருக்கிற அனந்த வாசுதேவர் கோயிலில் மகாபிரசாதம் வாங்கிச் சாப்பிட்டேன். 1278-இல் சந்திரிகா தேவி என்ற கங்க இளவரசி கட்டிய கோயிலாம். இலையில் சோறு, உன் தால்மா, கடுகு அரைத்து விட்ட ஒரு கறி, கடைசியில் இனிப்புச் சோறு. வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. தால்மாவை நீ நான்கு வருஷம் திட்டியது அநியாயம்டா. பருப்பும் காயும் சேர்ந்து வெந்த நம்ம கூட்டு மாதிரிதான், மேலே வறுத்த சீரகப் பொடி மணக்கிறது. மெஸ்ஸில் அதைத் தண்ணீராக ஊற்றியிருப்பார்கள், அது வேறு கதை.

கோயில்களைப் பார்க்க முதல் நாள் எனக்குக் கண் பழகவில்லை. நமக்கு வாசலில் பெரிய கோபுரம் இருக்க வேண்டும், உள்ளே போகப் போக சாமி சின்னதாகி இருட்டுக்குள் இருக்க வேண்டும். அங்கே அப்படி இல்லை. வாசல் சாதாரணம், உயரமெல்லாம் கருவறைக்கு மேலேதான். தேவுல் என்கிறார்கள். நேராக மேலே போய் உச்சியில் மட்டும் லேசாக உள்ளே வளைந்து, தலையில் நெல்லிக்காய் மாதிரி வரி வரியாக ஒரு பெரிய கல். வண்ணம் கிடையாது, வெறும் கல். லிங்கராஜர் கோயில் 180 அடி. அங்கே சிவனுக்கு வில்வமும் உண்டு, துளசியும் உண்டு, ஹரியும் ஹரனும் ஒன்றாக இருக்கிற சாமி என்று. உன் அப்பாவின் வைஷ்ணவ சிநேகிதர் ஒருத்தர் வெளியிலேயே நிற்பதாக இருந்தார், துளசி என்றதும் உள்ளே வந்துவிட்டார்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது முக்தேஸ்வர். ரொம்பச் சின்னது, 35 அடி இருந்தால் அதிகம். வாசலில் இரண்டு தடித்த தூண்மேல் வளைவாக ஒரு தோரணம், அதில் பெண்கள் சாய்ந்து படுத்திருக்கிற மாதிரி செதுக்கி வைத்திருக்கிறான், பத்தாம் நூற்றாண்டில். இருபது நிமிஷம்தான் என்று டூர்காரர் விசில் ஊதினார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் நான் ஊதாத விசிலா, காதில் விழாத மாதிரி உட்கார்ந்துவிட்டேன்.

கோனாரக் சூரியன் கோயிலில் மட்டும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் போட்டி மனசு. சக்கரம் வைத்த தேர் மாதிரி கோயில் கட்டியதை நாம்தான் அதற்கு நூறு வருஷம் முன்பே தாராசுரத்தில் செய்துவிட்டோமே, சைக்கிளில் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே போனேன். அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றதும் வாய் மூடிக்கொண்டது. ஒரு சக்கரம் என்னைவிட ஒன்றே முக்கால் பங்கு உயரம். அப்படி 24, இழுக்க ஏழு குதிரை, எல்லாம் கங்க ராஜா நரசிம்ம தேவன் 1250 வாக்கில் கட்டியது. வழிகாட்டிப் பையன் ஆரத்தின் நிழலில் விரலை வைத்து மணி சொன்னான், அப்புறம் பத்து ரூபாய் நோட்டைத் திருப்பிக் காட்டி அதே சக்கரம் என்றான். உச்சியில் பெரிய காந்தக் கல் இருந்தது, கப்பலையெல்லாம் இழுத்தது என்றும் சொன்னான். அதை நான் நம்பவில்லை, நீயும் நம்பாதே. ஆனால் பெரிய விமானம் விழுந்துவிட்டது நிஜம், இப்போது முழுசாக நிற்பது முன் மண்டபம் மட்டும்தான். அதுவும் விழுந்துவிடக் கூடாது என்று 1903-இல் வெள்ளைக்காரன் உள்ளே முழுக்க மணலைக் கொட்டி வாசலையெல்லாம் அடைத்துவிட்டான். வெளியே ஊரே தெரிகிற அளவு சிற்பம், உள்ளே மணல். சுவரில் ஒட்டகச்சிவிங்கி கூட இருக்கிறது, ஆப்பிரிக்கா மிருகம், கடல் வழியாக வந்ததோ என்னவோ.

அங்கே ஒரு கதை சொல்கிறார்கள். 1,200 சிற்பிகள் 12 வருஷம் வேலை செய்தும் உச்சிக்கல் உட்காரவில்லை. நாளைக்குள் முடியாவிட்டால் எல்லார் தலையும் போகும் என்று ராஜா உத்தரவு. அப்போது தலைமைச் சிற்பி விசு மகாராணாவைத் தேடி, அவர் பார்த்தே இராத பன்னிரண்டு வயது மகன் தர்மபதன் வருகிறான், ராத்திரியோடு ராத்திரியாக அந்தக் கல்லை உட்கார வைக்கிறான். சின்னப் பையன் செய்தது தெரிந்தால் 1,200 பேருக்கும் ஆபத்து என்று மேலிருந்தே கடலில் குதித்துவிடுகிறான். எல்லாரும் ஆஹா தியாகம் என்றார்கள். எனக்கு வந்தது ஆத்திரம்தான். வீட்டில் அவன் அம்மா என்று ஒருத்தி இருந்திருப்பாளே, அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதானே போனான், அவளைப் பற்றி வழிகாட்டிப் பையனிடம் கேட்டால் கதையில் அது இல்லை மேடம் என்கிறான்.

பூரியைப் பற்றி எழுதினால் விடிந்துவிடும். வாசலில் செல்போனை வாங்கி வைத்துவிட்டார்கள், அதனால் போட்டோ கேட்காதே. சிங்க வாசலுக்கு எதிரே நிற்கிற அருண ஸ்தம்பம் முன்பு கோனாரக்கில் இருந்தது, மராட்டியர் காலத்தில் இங்கே கொண்டுவந்து நட்டார்களாம். 22 படி ஏறி உள்ளே போக வேண்டும், அப்பாவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். கோயில் உயரம் 214 அடி என்றார்கள், "எங்கள் தஞ்சாவூர் 216" என்று உன் அப்பா அந்த மூச்சிரைப்பிலும் சொன்னார். அந்த உச்சிக்கு ஒருத்தர் தினமும் சாயங்காலம் கயிறு எதுவும் இல்லாமல் முதுகைக் கோபுரத்துக்குக் காட்டி ஏறிக் கொடி மாற்றுகிறார், பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

இந்தக் கோயிலைத் தொடங்கியது யார் தெரியுமா, அனந்தவர்மன் சோடகங்கன். பேரிலேயே சோழன் இருக்கிறான், அம்மா ராஜசுந்தரி சோழ இளவரசி. கலிங்கத்துப்பரணியில் சோழர் தளபதி கருணாகரத் தொண்டைமான் படையெடுத்துப் போய் ஜெயித்ததாக வருகிறதே, தோற்ற ராஜா இவன்தான். எத்தனை வருஷம் அதை வகுப்பில் நடத்தியிருப்பேன், பேய்கள் கூழ் அடுகிற இடம் வந்தால் பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரிப்பார்கள். தோற்றவன் என்ன ஆனான் என்று ஒரு நாள்கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இங்கே கட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். உதயகிரி மலையில் ஹாத்திகும்பா குகை, அங்கே பழைய கலிங்க ராஜா காரவேலன் கல்வெட்டு இருக்கிறது, கி.மு. காலத்தது, 17 வரி. தமிழ் அரசர்களின் கூட்டணியை நான் உடைத்தேன் என்று அதில் அவன் எழுதி வைத்திருக்கிறான். ஆக, அந்தக் கணக்கு நேர்.

பூரி சாமி ஜகந்நாதரை நான் எப்படிச் சொல்வது. மரத்தில் செய்த உருவம், பெரிய வட்டக் கண், கையும் காலும் முழுசாக இல்லை. நம்ம ஊர்ப் பஞ்சலோகத்தைப் பார்த்த கண்ணுக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் அந்த ஊர்க்காரர்கள் சாமியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டதும் சரியாகிவிட்டது. வைகாசி, ஆனி வாக்கில் வருகிற ஜேஷ்ட பௌர்ணமி அன்று 108 குடம் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுகிறார்கள், உடனே சாமிக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. பதினைந்து நாள் தரிசனம் கிடையாது, மூலிகை மருந்தும் பழமும்தான். தேறிய பிறகுதான் தேர், அதில் ஏறி சித்தி வீட்டுக்குப் போகிறார். திரும்பி வந்தால் கூட்டிப் போகாத கோபத்தில் லட்சுமி கதவைச் சாத்திக்கொள்கிறாள், ரசகுல்லா கொடுத்துச் சமாதானம்.

சாமிக்குக் காய்ச்சல் என்றால் ஊருக்கே தெரிகிறது. உனக்கு இரண்டாம் வருஷம் டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது எனக்கு எப்போது தெரிந்தது? மூன்று வருஷம் கழித்து, உன் சிநேகிதன் கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது. பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும்.

கடைசி நாள் எல்லாரும் புடவைக் கடைக்குப் போனார்கள். நானும் இன்னொரு ரிட்டயர்டு டீச்சரும் ஆட்டோ பிடித்தோம். ஓட்டிய பையன் என்னை மாவுசி மாவுசி என்றே கூப்பிட்டான், சித்தி என்று அர்த்தமாம். முதலில் ஹிராபூர், 64 யோகினி கோயில். வட்டமான சுவர், கூரையே கிடையாது, உள்பக்கம் சுற்றி இரண்டடி உயரத்தில் கறுப்புக் கல்லில் பெண்கள், சிலருக்கு மிருக முகம், ஒவ்வொருத்தியும் ஏதோ ஒன்றின்மேல் நிற்கிறாள். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். எங்களைத் தவிர யாரும் இல்லை, மேலே வெறும் வானம். அப்புறம் பாட்டியா.

உன் பழைய கொரியர் விலாசத்தை வைத்துக்கொண்டு தேடினோம். நீ இருந்த மூன்று மாடி வீடு கிடைக்கவில்லை, அந்த வரிசை முழுக்க இப்போது கண்ணாடி வைத்த கடைகள். ஒரு டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்தேன். முதுகில் பையோடு பையன்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், எல்லாருக்கும் உன் நடைதான். இந்தத் தெருவில்தானே காய்ச்சலோடு நடந்திருப்பான், ஒரு கஞ்சி வைத்துத் தர ஆள் இல்லாமல் என்று நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை.

அதற்கு முதல் நாள்தான் தௌலி போயிருந்தோம். கலிங்கப் போர் நடந்த இடம், கீழே தயா ஆறு. பாறையில் அசோகர் எழுத்து, அதற்கு மேலே பாறைக்குள்ளிருந்து வெளியே வருகிற மாதிரி ஒரு யானையின் முன்பாதி. "எல்லா மனிதரும் என் பிள்ளைகள்" என்று அங்கே எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு லட்சம் பேர் செத்தார்கள், ஒன்றரை லட்சம் பேரைப் பிடித்துப் போனோம், அதற்காக வருந்துகிறேன் என்று சொல்கிற பதின்மூன்றாம் சாசனம் தௌலியில் இல்லை. அது குஜராத்தில் கிர்நாரிலும் இன்னும் தூரத்து ஊர்களிலும்தான் இருக்கிறது. அடிபட்ட ஊரில் மட்டும் வைக்கவில்லை. உன் அப்பா சொன்னார், "நேருக்கு நேர் சொல்ல வாய் வந்திருக்காது." நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் காலேஜ் வேண்டாம், இங்கேயே திருச்சியில் பி.எஸ்சி. படிக்கிறேன் என்று நீ இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாய். சீட் கிடைத்துவிட்டது, பணம் கட்டியாகிவிட்டது என்று நான்தான் பெட்டியைக் கட்டினேன். அப்பாகூட யோசித்தார், நான்தான் விடவில்லை. தப்புதான்டா. இதைப் போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உனக்கு ரகுராஜ்பூரில் துணியில் வரைந்த பட்டசித்திரம் ஒன்று வாங்கியிருக்கிறேன், சுருட்டிக் குழாயில் போட்டு வைத்திருக்கிறது. பூரி காஜாவும் ஒரு டப்பா இருந்தது, உன் அப்பா ராத்திரி ராத்திரி எழுந்து அதைப் பாதியாக்கிவிட்டார், நீ கேட்டால் எறும்பு என்பார். டிசம்பரில் வருகிறாயா இல்லையா என்று மட்டும் இந்த வாரத்துக்குள் சொல்லு, ரயில் டிக்கெட் அறுபது நாளைக்கு முன்னால்தான் திறக்கும். ஹாத்திகும்பாவில் அந்த எழுத்தை எனக்குச் சரியாகப் பார்க்க முடியவில்லை, கூட ஒருத்தர் வந்தால் நன்றாக இருக்கும்.

அம்மா