கலவைக்கு நிழல் உண்டு, சித்தாளுக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டட வேலைக்கு ஆள் கிடைக்காதது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்குவதில்லை என்கிற தொனியில் அது முடிந்திருந்தது. காட்பாடிப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் சின்ன ஒப்பந்ததாரன் நான். என்னிடம் இருக்கும் கொத்தனார்களின் பிள்ளைகள் யாரும் கரண்டி பிடிக்க வருவதில்லை என்பது உண்மைதான். ராணிப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். கூலி கொஞ்சம் குறைந்தாலும் அங்கே தலைக்கு மேல் கூரை இருக்கிறதே!

கத்திரி வெயிலில் ஒரு நாள் மதியம் எங்கள் தளத்தின் மேல் ஏறிப் பாருங்கள். கான்கிரீட்டைத் தாங்கப் பரப்பும் சென்ட்ரிங் ஷீட்டில், அதாவது இரும்புத் தகட்டில், வெறுங்காலை வைக்க முடியாது. கம்பி கட்டுகிறவர்கள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் கம்பியைத் தொடுவார்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு சாந்துச் சட்டி சுமக்கும் சித்தாள்களிடம் தண்ணீர் குடிக்கச் சொன்னால், "அப்புறம் குடிக்கிறேன்ணே" என்பார்கள். பாதி கட்டிய வீட்டில் கழிப்பறை ஏது? அதனால் சாயங்காலம் வரை தாகத்தை அடக்குகிறார்கள். கழிப்பறைக்கு வழி செய்யாமல் கேன் தண்ணீர் மட்டும் வாங்கி வைத்துப் பயனில்லை.

வெயிலில்தான் வேலையும் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை படுத்துவிடும் என்பதால், சித்திரை, வைகாசியிலேயே தளம் போட்டுவிட எல்லோருக்கும் அவசரம். வீட்டுக்காரரோ ஆவணியில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருப்பார். இதற்கு நடுவே ஊருக்குப் போன பீகார், ஒடிசா பையன்கள் சொன்ன தேதிக்குத் திரும்பாவிட்டால், இருக்கிற நாலு பேர் தலையில்தான் எல்லாம் விழும்.

40 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும்போது கான்கிரீட் போடுவது எப்படி என்பதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 7861 விதிமுறையின் முதல் பகுதி இருக்கிறது. ஜல்லியை நிழலில் வை, தண்ணீர் தெளி, கலவையின் சூடு ஏறாமல் பார்த்துக்கொள் என்கிறது. அந்தக் கலவையைச் சுமக்கிறவரை மதியம் நிழலில் உட்கார வை என்று இதுவரை என் தளத்துக்கு வந்து சொன்னவர் யாரும் இல்லை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்திய மாநிலம் இது. பக்கத்துக் கேரளத்தில் கோடைதோறும் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. நம் ஊர்க்காரர்கள் ஏராளமாக வேலை செய்யும் கத்தாரிலும் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை.

"நீயே மதியம் ஓய்வு கொடேன்" என்று கேட்கலாம். கூலியைக் குறைக்காமல் நான் மட்டும் மூன்று மணி நேரம் விட்டால் என் ரேட் ஏறும். வேலை அடுத்த தெரு ஒப்பந்ததாரருக்குப் போய்விடும். சரி, காலை ஆறு மணிக்கே தொடங்கலாமே என்றால், ஷேர் ஆட்டோ பிடித்து வரும் பெண்கள் நாலு மணிக்கு முன்பே எழுந்து சமைக்க வேண்டும். ஆகவே எல்லோருக்கும் ஒரே விதியாக, கூலி குறையாத ஓய்வாக வந்தால்தான் நடக்கும்.

பணத்துக்கும் வழி இருக்கிறது. கட்டடத்துக்கு அனுமதி வாங்கும்போதே மதிப்பில் 1 சதவீதத்தை நல நிதியாகக் கட்டுகிறோம். 1994இல் தொடங்கிய கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அந்த நிதியில்தான் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகில் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லும் அரசு, மீனவர் குடும்பத்துக்கு நிவாரணம் கொடுக்கிறதல்லவா? அதே கோடையில் வேலை நேரத்தை இழக்கும் சித்தாளுக்கு வாரியம் ஈடு கொடுத்தால் என்ன? வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024இல் அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றார்கள். அது செத்த பிறகு கிடைக்கும் காசு.

அடுத்த கோடைக்கு முன் தொழிலாளர் துறை மதிய ஓய்வு உத்தரவைப் போடட்டும். வடமாநிலப் பையன்கள் பெரும்பாலும் வாரியத்தில் பதிவு செய்வதில்லை. அவர்களைப் பதிய வைக்கும் பொறுப்பை எங்களைப் போன்ற ஒப்பந்ததாரர்கள் மேலேயே சுமத்தலாம். முணுமுணுப்போம், ஆனால் செய்வோம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத கட்டட ஒப்பந்ததாரர்,
காட்பாடி.