பிரவுசர் உருவாக்குபவர்களுக்கு: தடுப்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி தடுங்கள்

குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி குழுக்களில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் வணக்கம்.

2021 ஜூலையில் குரோம் 92 வந்தபோது எழுந்த சத்தம் உங்களில் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். வேறு ஒரிஜினிலிருந்து, அதாவது வேறு தள முகவரியிலிருந்து, வரும் ஐஃபிரேமுக்குள் (ஒரு பக்கத்துக்குள் பதிக்கப்படும் இன்னொரு பக்கம்) அலர்ட், கன்ஃபர்ம், பிராம்ப்ட் மூன்றும் (செய்தி சொல்லும், சரியா என்று கேட்கும், பதில் எழுதச் சொல்லும் ஜாவாஸ்கிரிப்ட் பெட்டிகள்) இனி ஓடாது என்று ஆக்கினீர்கள். காரணம் நியாயமானது. விளம்பரம் என்ற பெயரில் உள்ளே வந்த ஒரு ஃபிரேம் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று ஒரு பெட்டியைத் தூக்கிப் போட்டால், அதைத் தாங்கள் திறந்த தளமே சொல்கிறது என்றோ பிரவுசரே சொல்கிறது என்றோ நம்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அதைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

சரி, அடி யார் மேல் விழுந்தது? நிரலை எழுதிய இடத்திலேயே ஓட்டிப் பார்க்க உதவும் கோட்பென் போன்ற தளங்கள் மேல். பயனர் எழுதும் நிரல் கோடை அவர்கள் தனி டொமைனில், ஐஃபிரேமுக்குள் போட்டு ஓட்டுவதே பாதுகாப்புக்காகத்தான். தெரியாதவர் எழுதிய கோடை உங்கள் சொந்த ஒரிஜினில் ஓட விடாதீர்கள் என்று நீங்கள்தான் வருடக்கணக்கில் சொல்லி வந்தீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டு நடந்தவர்கள்தான் முதலில் மாட்டினார்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் கற்கத் தொடங்கும் ஒரு பிள்ளை முதலில் எழுதுவது என்ன? பிராம்ப்ட் வைத்துப் பெயரைக் கேட்கும், அலர்ட் வைத்து வணக்கம் சொல்லும். இரண்டே வரி. தடை இருக்கும் பிரவுசரில் அதை ஓட்டினால் பெட்டி வராது, பிழை என்றும் எதுவும் கண்ணில் படாது, பிராம்ப்ட் சத்தமில்லாமல் வெறும் நல் (null, ஒன்றுமில்லை) மதிப்பைத் திருப்பிவிட்டுப் போய்விடும். கன்ஃபர்ம் இன்னும் மோசம், யாரிடமும் எதையும் கேட்காமலேயே 'வேண்டாம்' என்று பதில் தந்துவிடும். 'இந்த வரியை நீக்கவா?' என்று கேட்டுவிட்டு நீக்குகிற பட்டன் ஒன்று இருந்தால், அதை எத்தனை தடவை அழுத்தினாலும் வரி அப்படியே இருக்கும். காரணம், பிரவுசருக்குள் நிரல் எழுதுபவர்களுக்கென்று இருக்கும் கன்சோலில் ஒரு வரியாகக் கிடக்கும். ஆனால் கன்சோல் என்று ஒன்று இருப்பதே தெரியாத நிலையில்தானே அந்தப் பிள்ளை இருக்கிறது! தான் எழுதியதுதான் தப்பு என்று நினைத்து அந்த இரண்டு வரியையே திரும்பத் திரும்ப மாற்றிப் பார்க்கும். எனக்கு ஆற்றாமை இங்கேதான்.

எதிர்ப்பு வலுத்ததும் ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்தத் தடையைத் தள்ளிப்போட்டீர்கள், 2022 ஜனவரிக்கு முன்பு கிடையாது என்றீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்த எதிர்ப்பு ஏன் வெளியீட்டுக்குப் பிறகு வந்தது என்று யோசித்தீர்களா? ஒரு வசதியை எடுக்கலாமா என்று முடிவு செய்ய, எத்தனை பக்கத் திறப்புகளில் அது ஓடுகிறது என்று எண்ணுகிறீர்கள். கோடிக்கணக்கான திறப்புகளுக்கு நடுவே ஒரு பாடப் பக்கம், ஒரு அலுவலகத்தின் உள்ளே மட்டும் ஓடும் படிவம், எழுதியவர் விட்டுப் போய் பத்து வருடமான ஒரு சின்னக் கருவி எல்லாம் தசமப் புள்ளிக்கு அப்பால் எங்கோ போய்விடும். பயன்பாட்டுத் தகவல் அனுப்புவதை நிறுத்திவைத்த கணினிகளும் இணையமே இல்லாத ஆய்வகங்களும் அந்தக் கணக்கில் வரவே வராது.

கோப்பை நேராக இரட்டைக் கிளிக் செய்து திறப்பதையும் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் இவ்வளவு பேரிடம் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு பெரிய காரணம், நோட்பேடும் பிரவுசரும் இருந்தாலே போதும் என்பது. 2019 ஜூலையில் ஃபயர்பாக்ஸ் 68 ஒவ்வொரு உள்ளூர்க் கோப்பையும் தனித்தனி ஒரிஜினாக எண்ணத் தொடங்கியது. குரோம் அதற்கு முன்பிருந்தே அப்படித்தான். இறக்கிய ஒரு எச்டிஎம்எல் கோப்பு அதே ஃபோல்டரில் கிடக்கும் மற்றக் கோப்புகளைப் படித்துவிடும் ஆபத்து உண்மையிலேயே இருந்தது, அதை மூடியது சரி. ஆனால் இப்போது ஒரு மாணவி தன் கோடை இரண்டு கோப்பாகப் பிரித்து, ஒன்றை மற்றொன்றுக்குள் மாட்யூலாக இம்போர்ட் செய்து, பக்கத்தை இரட்டைக் கிளிக் செய்தால் எதுவும் ஓடாது. ஓட வைக்க லோக்கல் சர்வர், அதாவது கோப்பை இணையத் தளம் போலப் பிரவுசருக்குத் தரும் ஒரு நிரல், அதே கணினியில் வேண்டும். எதையும் நிறுவ அனுமதியில்லாத ஆய்வகக் கணினியில் அவள் சர்வருக்கு எங்கே போவாள்?

சில சமயம் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது, அது புரிகிறது. 2018 ஜனவரியில் பிராசசர்களில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, ஒரே நினைவகத்தை நிரலின் பல பகுதிகள் பகிர உதவும் ஷேர்டு-அரே-பஃபரை உடனே முடக்கினீர்கள், முடக்கத்தான் வேண்டும். பிறகு அதைத் திருப்பித் தந்தாலும், முடிவில் இரண்டு ஹெடர் (பக்கத்தோடு சர்வர் அனுப்பும் குறிப்பு வரிகள்) வைத்தால்தான் கிடைக்கும் என்றீர்கள். கிட்ஹப் பேஜஸ் மாதிரி இலவச ஹோஸ்டிங்கில் ஹெடர் வைக்கவே வழியில்லை, அதனால் சர்வீஸ் வொர்க்கர் (பக்கத்துக்கும் இணையத்துக்கும் நடுவே பிரவுசரில் ஓடும் ஸ்கிரிப்ட்) வழியாக ஹெடரைச் செருகும் குறுக்கு வழியில் இன்றும் ஆட்கள் காலம் தள்ளுகிறார்கள். அவசரம் 2018-இல் இருந்தது. திருப்பித் தரும்போது இவர்களையும் நினைக்க நேரம் இருந்தது.

காத்திருக்க உங்களுக்குத் தெரியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2020 ஏப்ரலில், கோவிட் நேரத்தில் முக்கியமான தளங்கள் உடைந்துவிடக் கூடாது என்று சேம்சைட் குக்கி மாற்றத்தை (ஒரு தளத்தின் குக்கி வேறு தளங்களிலிருந்து போகும் கோரிக்கைகளோடு செல்வதைக் கட்டுப்படுத்துவது) குரோம் பின்வாங்கியது, ஜூலையில்தான் மறுபடி தொடங்கியது. கேட்பார் இல்லாத சின்னத் தளங்களுக்கும் அதே அக்கறை வேண்டும் என்கிறேன்.

நான் கேட்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றும் இல்லை. பாப்-அப் ஜன்னலைத் தடுக்கும்போது குரோம் முகவரிப் பட்டையில் ஒரு ஐகானைக் காட்டுகிறது, ஃபயர்பாக்ஸ் பக்கத்தின் மேலே ஒரு பட்டையைக் காட்டுகிறது, வேண்டுமானால் அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். ஐஃபிரேம் டயலாகைத் தடுத்தாலும் அதேபோலச் சொல்லுங்கள். உள்ளூர்க் கோப்பின் மாட்யூலைத் தடுத்தாலும் வெள்ளைப் பக்கத்தோடு விடாமல், 'இந்தக் கோப்பைச் சர்வர் வழியாகத் திறக்க வேண்டும்' என்று பக்கத்திலேயே ஒரு வரி காட்டுங்கள், அதையும் பயனரின் மொழியிலேயே காட்டுங்கள். அப்புறம், அடுத்த நீக்கத்துக்கு எண்ணிக்கை எடுக்கும்போது பக்கத் திறப்போடு நிறுத்தாமல் எத்தனை தனித்தனித் தளங்கள் என்றும் எண்ணி, சொல்லித் தருகிறவர்களிடம் வெளியீட்டுக்கு முன்பே கேளுங்கள்.

இப்படிக்கு,
ஜாவாஸ்கிரிப்ட் சொல்லித் தருகிறவர்களில் ஒருவன்