அரையாண்டு முடிந்தது, உங்கள் வீட்டுப் பரணைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. தேர்ச்சி போன ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. கபடி அணி நன்றாக ஆடியது, பேச்சுப் போட்டியிலும் ஓவியத்திலும் பரிசுகள் வந்தன. எல்லோருக்கும் பாராட்டுகள். மதிப்பெண் அட்டையில் இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் இந்த வாரத்துக்குள் போட்டு அனுப்பிவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நவம்பரில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனோம். திரும்பி வந்ததும் ‘நம் வீட்டுக் கீழடி’ என்று ஒரு கண்காட்சி வைக்கலாம், பரணில் இருக்கும் பழைய பொருட்களைக் கொண்டு வாருங்கள் என்று சொன்னது நாங்கள்தான். அந்தப் பொறுப்பிலிருந்து நான் நழுவப் போவதில்லை. உழக்கு, அரிக்கேன் விளக்கு, ஓலைக்கொட்டான், ஈயச்சொம்பு என்று அருமையான பொருட்கள் வந்தன. கூடவே, எறும்புக்குத் தூவும் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துப் பவுடர் பாதி இருந்த ஒரு தகர டப்பாவும், ஒரு காலத்தில் இருட்டில் ஒளிர்ந்த கைக்கடிகாரம் ஒன்றும், ஊசி மருந்துக் குப்பியில் பாதரசமும் வந்து சேர்ந்தன.

பாதரசம் வந்ததே எங்களுக்குத் தெரியாது. ஒரு மாணவியின் தங்க மோதிரம் மதிய உணவு இடைவேளைக்குள் வெள்ளையாகிப் போய், அவள் அழுதுகொண்டு வந்தபோதுதான் தெரிந்தது. தங்கத்தைக் கண்டால் பாதரசம் ஒட்டிக்கொண்டு கலந்துவிடும். தெற்கு ஆவணி மூல வீதியில் நகை வேலை செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதற்குள் குப்பி பத்துப் பதினைந்து கைகள் மாறி, மூடி கழன்று, மணிமணியாகத் தரையின் விரிசல்களுக்குள் உருண்டிருந்தது. ஆயாம்மா விளக்குமாறோடு வந்துவிட்டார். நல்ல வேளை, அறிவியல் ஆசிரியர் ஓடிப்போய்த் தடுத்தார். கூட்டினால் ஒரு மணி நூறு மணியாகும். பிள்ளைகளை வெளியேற்றி, மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து வைத்து, கெட்டி அட்டையாலும் இங்க் ஃபில்லராலும் பொறுக்கி, மிச்சத்தை ஒட்டுநாடாவில் ஒற்றி எடுத்து, மூடி உள்ள கண்ணாடி ஜாடியில் அடைத்தோம். 7-ஆ பிரிவுக்கு இரண்டு நாள் வேப்பமரத்தடியில்தான் வகுப்பு. மருத்துவர் வந்து பார்த்தார். யாருக்கும் ஒன்றும் இல்லை.

‘நாங்கள் எல்லாம் விளையாடாத பாதரசமா?’ என்று ஓர் அப்பா தொலைபேசியில் கேட்டார். நானும் விளையாடியிருக்கிறேன். பழைய செப்புக் காசில் தேய்த்து வெள்ளிக்காசு என்று தம்பியை ஏமாற்றியிருக்கிறேன். தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம், கையில் ஒட்டாது, ஓடும். பிள்ளைகளுக்கு ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அப்போது நமக்குத் தெரியாதது, அது சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும் என்பது. ஆவிக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். மூச்சில் போவதுதான் நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். காற்று வராத அறையில் தரையில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு அது போதும். சித்தர்கள் பாதரசத்தைத் திடமாகக் கட்டவில்லையா என்று ஒரு தாத்தா கேட்டார். கட்டினார்கள் ஐயா. நம் பிள்ளைகள் அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள்.

வெகுதூரம் போக வேண்டாம். கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. அங்கிருந்து பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் உள்ளூர்ப் பழைய இரும்புக்கடைக்குப் போனது வெளியே தெரிந்ததும், 2001இல் ஆலை மூடப்பட்டது. 2003இல் கிட்டத்தட்ட 290 டன் கழிவை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மண்ணைச் சுத்தம் செய்கிற பேச்சு அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஓடியது.

இனி கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன், மன்னியுங்கள். குப்பியைக் கொண்டுவந்த பிள்ளையிடம் ‘ரோட்டில் கிடந்தது என்று சொல்’ என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வேறொரு வீட்டில் விஷயம் தெரிந்த அன்றே வீட்டில் இருந்த பாதரசத்தைக் குளியலறைச் சாக்கடையில் ஊற்றிவிட்டார்கள். சில பிள்ளைகள் ஜாமெட்ரி பாக்ஸில் மணிகளை எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதிக் கேட்டேன். அறுபது பேர் பார்த்தார்கள், மூன்று பேர் பதில் சொன்னார்கள். இன்னும் இரண்டு பெட்டிகளில் இருப்பதாகப் பிள்ளைகளே சொல்கிறார்கள். இது சரியில்லை. எந்தப் பிள்ளையையும் தண்டிக்க மாட்டேன் என்று எழுத்தில் தருகிறேன். ஆனால் மறைப்பதை ஏற்க முடியாது. இன்று மாலையே பெட்டியைத் திறந்து பாருங்கள். இருந்தால் தொடாமல், மூடி உள்ள டப்பாவில் வைத்து, பெரியவர்களே கொண்டு வாருங்கள்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம். பரண் காலியாகும் நேரம் இது. போகிக்குக் கொளுத்துவது நம் பக்கம் குறைவுதான், ஆனாலும் குப்பைமேட்டில் தீ வைக்கிற பழக்கம் இருக்கிறது. பாதரசத் தெர்மாமீட்டர், பழைய பிரஷர் கருவி, டியூப்லைட், பூச்சிமருந்து டப்பா, பேட்டரி எதையும் கொளுத்தாதீர்கள், உடைக்காதீர்கள். திடக்கழிவு விதிகளிலேயே இவற்றைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. பழைய கதவு சன்னலுக்குப் புது பெயின்ட் அடிப்பவர்கள், உப்புத்தாள் போடுவதற்கு முன் நனைத்துக்கொள்ளுங்கள்; அந்தக் கால பெயின்ட்டில் காரீயம் (லெட்) இருக்கலாம், தூசி பறக்கக் கூடாது. பிள்ளைகளைத் தேய்க்கவிட வேண்டாம்.

ஈயச்சொம்பைப் பற்றி ஆறு அம்மாக்கள் கேட்டுவிட்டார்கள். ரசம் வைக்கிற சொம்பு வெள்ளீயம் (டின்), நஞ்சு காரீயம். பெயர்தான் ஒன்று. ஆனால் கலப்படம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் நம்பிக்கையான இடத்தில் வாங்கியதை மட்டும் புழங்குங்கள். அந்தக் கைக்கடிகாரத்தின் முள்ளில் இருப்பது கதிர்வீச்சு உள்ள நிஜ ரேடியமாக இருக்கக்கூடும். ஒளி மங்கினாலும் ரேடியம் போகாது, பாதியாகவே 1,600 வருடம் ஆகும். பழுதுபார்க்கிறேன் என்று அதைத் திறக்க வேண்டாம். சைக்கிளில் ஒட்டுகிற ‘ரேடியம் ஸ்டிக்கர்’ வேறு. அதில் ரேடியமே கிடையாது, பயப்பட வேண்டாம்.

எங்கள் பக்கமும் குறை உண்டு. நம் ஆய்வகத்தில் நடுவில் வெள்ளைவட்டம் உள்ள கம்பிவலைகள் இருந்தன. அந்த வெள்ளை, நச்சான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்). அவற்றையும் பாதரசத் தெர்மாமீட்டர்களையும் எடுத்துக் கட்டி வைத்துவிட்டோம். எங்கே ஒப்படைப்பது என்று மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் வந்ததும் உங்கள் வீட்டுப் பொருட்களையும் சேர்த்தே அனுப்பலாம்; அதுவரை அவை என் அறை அலமாரியில், பூட்டுக்குள் இருக்கும்.

முதலில் உண்மையைச் சொன்ன மூன்று வீட்டாருக்கும், கோபப்படாமல் நிதானமாகப் பேசிய மோதிரக்காரப் பிள்ளையின் பெற்றோருக்கும் மனமார்ந்த நன்றி. மோதிரத்தை ஊதிச் சுட்டால் பழைய நிறம் வரும், ஆனால் அந்தப் புகைதான் ஆபத்து என்று நகை வேலை செய்யும் ஒரு பெற்றோர் எச்சரித்தார், அவருக்கும் நன்றி. புகைபோக்கி உள்ள பட்டறையில் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அதுவும் ஜாடிக்குள்தான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
மதுரை