மூட்டு மாற்று அறுவைக்குக் காத்திருப்போரையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா விட்டுச்சென்ற பாதிப்புகளைப் பற்றி எழுதுபவர்கள் தடுப்பூசி, ஊரடங்கு, வேலையிழப்பு பற்றியெல்லாம் எழுதுகிறார்கள். இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குத் தேதி வாங்கி, அது தள்ளிப்போய்த் தவித்தவர்களைப் பற்றி அதிகம் பேச்சே இல்லை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இயன்முறை மருத்துவர் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

2020 மார்ச்சில் அவசரமில்லாத அறுவைகளை நிறுத்தியதைக் குறை சொல்ல முடியாது. மயக்கவியல் மருத்துவர்களும் வென்டிலேட்டர்களும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தேவைப்பட்ட நேரம் அது. ஆனால் நின்றுபோனவற்றின் அளவு சாதாரணமானதல்ல. நெருக்கடி உச்சத்தில் இருக்கும் 12 வாரங்களில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 2 கோடியே 84 லட்சம் அறுவைகள் ரத்தாகும் அல்லது தள்ளிப்போகும் என்று கோவிட்சர்ஜ் என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு அந்த ஆண்டே கணக்கிட்டது. அவற்றில் சுமார் 63 லட்சம் எலும்பு, மூட்டு சம்பந்தப்பட்டவை. வேறெந்தத் துறையிலும் இவ்வளவு இல்லை. வழக்கத்தைவிட 20 சதவீதம் கூடுதலாகச் செய்தால்கூட, தேங்கியதை முடிக்க 45 வாரங்கள் ஆகும் என்றார்கள். அதற்குப் பிறகும் அலை அலையாகத் தொற்று வந்தது. படுக்கை போதாத ஒவ்வொரு முறையும் முதலில் தள்ளிவைக்கப்பட்டது மூட்டு அறுவைதான்.

தள்ளிவைத்தால் என்ன, உயிருக்கு ஆபத்தில்லையே என்பவர்கள் அந்த முழங்காலைப் பக்கத்தில் வந்து பார்க்க வேண்டும். வலி தாங்காமல் நோயாளி நடையைக் குறைக்கிறார். தொடையின் முன்பக்கத் தசை வற்றிப்போகிறது. தூங்கும்போது கொஞ்சம் சுகமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்கிறார். மாதக்கணக்கில் அப்படியே படுத்துப் பழகியதில் கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடுகிறது. மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நீட்டச் சொன்னால், முழங்காலுக்கும் படுக்கைக்கும் நடுவே என் கை தாராளமாக நுழையும். இப்படி இறுகிய காலில் அறுவை செய்வதும் கடினம், அதன்பின் நடை திரும்பவும் நாளாகும். இடையில் விழுங்கிய வலி மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஒரு கை பார்த்திருக்கும்.

பிரிட்டனில் பெருந்தொற்றுக் காலத்தில் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு என்னை உலுக்கிவிட்டது. வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாளில் ‘மரணத்தைவிட மோசம்’ என்று மதிப்பிடப்படும் ஒரு நிலை உண்டு. இடுப்பு மூட்டு மாற்றுக்குக் காத்திருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர், முழங்காலுக்குக் காத்திருந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலானோர் அந்த நிலையில் இருந்தார்கள். இவர்களையா அவசரமில்லாதவர்கள் என்கிறோம்?

கூடுதல் அறுவை அரங்குகள் வேண்டும். அவசர நோயாளிகள் வந்து குவிந்தாலும் பறிபோகாத தனிப் படுக்கைகள் மூட்டு அறுவைக்கு வேண்டும். இவற்றுக்குப் பணமும் காலமும் பிடிக்கும் என்பது தெரியும். நான் கேட்பது இன்றே செய்யக்கூடியது. பெயர் பதிந்த நாளில் இருந்த நிலையை வைத்தே ஒருவரை வரிசையில் நிறுத்திவைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, இரவில் தூக்கம் வருகிறதா, என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று விசாரிக்கட்டும். நிலை மோசமாகியிருந்தால் முன்னுக்குக் கொண்டுவரட்டும். மற்றவர்களை அறுவைத் தேதி வரும்வரை காத்திருக்க வைக்காமல் இப்போதே பயிற்சிக்கு எங்களிடம் அனுப்பட்டும்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்